முதுகெலும்பு இறுக்க வாதம் நம் நாட்டில் அரிதா? வீட்டில் எல்லாருக்கும் பி27 பார்க்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 31. மூன்று வருடமாக இடுப்பு வலி. டிஸ்க் விலகல் என்று பெல்ட் போட்டு, ஓய்வெடுத்தும் குறையவில்லை. இப்போது ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் (முதுகெலும்பு இறுக்க வாதம்) என்கிறார்கள், பி27 என்ற மரபணுவுக்கான ரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ். அமெரிக்காவில் 100 பேரில் ஒருவருக்கு இருக்கிறதாம். இங்கே யாரும் கேள்விப்பட்டதாகவே தெரியவில்லை. இது நம் நாட்டில் அரிதான நோயா? 26 வயதுத் தங்கைக்கும் இடுப்பு வலி இருக்கிறது. அவளுக்கும் என் 4 வயது மகனுக்கும் பி27 பார்த்துவிடலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: 'யாரும் கேள்விப்பட்டதில்லை' என்பதற்குப் பெயர்க் குழப்பமும் ஒரு காரணம். நம் ஊரில் கழுத்து வலி என்று போனாலே 'ஸ்பாண்டிலைட்டிஸ்' என்று சொல்லி காலர் மாட்டிவிடுகிறோம். அதில் பெரும்பாலானவை ஸ்பாண்டிலோசிஸ், அதாவது எலும்புத் தேய்மானம்; நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வருவது. உங்களுடையது அழற்சி. இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடிப்பகுதியும் சேரும் சாக்ரோ இலியாக் மூட்டில் தொடங்கி மேலே ஏறுவது, பெரும்பாலும் இருபதுகளில் வருவது.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். நீங்கள் படித்த அமெரிக்கக் கணக்கு 2009-10-இல் அந்நாட்டு அரசின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் எடுத்தது. 20 முதல் 69 வயதுள்ளவர்களிடம் கேள்விகள் கேட்டு, சிலவற்றை அளந்தும் பார்த்தார்கள். ஒரே ஆட்கள், ஒரே பதில்கள். ஆனால் ஒரு வரையறையை வைத்துப் பார்த்தால் 0.9 சதவீதம், இன்னொன்றை வைத்தால் 1.4 சதவீதம். அளவுகோலை மாற்றியதற்கே பத்து லட்சம் பேர் கூடிவிட்டார்கள். அதோடு, அது உங்கள் நோயை மட்டும் எண்ணிய கணக்கல்ல. ஸ்பாண்டிலோ ஆர்த்ரைட்டிஸ் என்ற மொத்தக் குடும்பத்தையும் எண்ணியது. சொரியாசிஸோடு வரும் மூட்டுவாதம், குடல் அழற்சியோடு வருவது எல்லாம் அதில் அடங்கும்.

ஸ்வீடனில் வேறு வழி. மருத்துவப் பதிவேட்டில் ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று எழுதப்பட்டவர்களை மட்டும் 2009-இல் எண்ணினார்கள், 0.18 சதவீதம் வந்தது. அங்கே பி27 மரபணு உள்ளவர்கள் அமெரிக்காவைவிட அதிகம். இருந்தும் எண் சிறியது, ஏனென்றால் நோய் கண்டுபிடிக்கப்படாதவர் பதிவேட்டில் இருக்கமாட்டார். நோய் தொடங்கிக் கண்டுபிடிக்கச் சராசரியாக 7 வருடம் ஆகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உங்களுக்கு 3 வருடத்தில் தெரிந்தது ஒப்பீட்டளவில் சீக்கிரம்தான்.

மரபணுவின் பரவலும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஜப்பானில் பி27 உள்ளவர்கள் 100-க்கு ஒருவர்கூட இல்லை. அங்கே இந்த நோய் உண்மையிலேயே அரிது. வட நார்வேயின் சாமி மக்களில் நாலில் ஒருவருக்கு அந்த மரபணு உண்டு. இந்தியா இந்த இரண்டுக்கும் நடுவில்.

நம் நாட்டில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்குகள் உண்டு. புனே அருகே பிக்வான் கிராமத்தில் 1996-இல் தொடங்கிய, மூட்டு வலி நோய்களை எண்ணும் காப்கார்ட் என்ற கணக்கெடுப்பு முறையில், பிறகு பல ஊர்களில் 50,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். இந்த மொத்தக் குடும்பமும் சேர்ந்து ஆயிரத்துக்கு 2 பேர் அளவில் வந்தது. பெரியவர்கள் 100 கோடி என்று வைத்தால் 20 லட்சம் பேர். இதைக் குறைந்தபட்சம் என்றுதான் எடுத்துக்கொள்வேன். அந்த முறையில் எல்லாருக்கும் இடுப்பு எக்ஸ்ரே கிடையாது. பெண்களுக்கு எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியாமலேயே நோய் பல வருடம் ஓடும். 'ஆண்களுக்குத்தான் வரும்' என்று நெடுநாள் நம்பியதும் இதனால்தான். எக்ஸ்ரேயில் தெரியும் கட்டத்தில் எண்ணினால் ஆண்கள் இரண்டு, மூன்று மடங்கு. தெரியாத கட்டத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய சமம்.

எண்ணிக்கையைத் தவறாகக் கூட்டிவிடும் விஷயங்களும் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். அதனால் முதுகு விறைத்து வருபவரை முதல் பார்வையில் இந்த நோய் என்றே நினைக்கத் தோன்றும். இன்னொன்று காசநோய். ஒரு பக்க சாக்ரோ இலியாக் மூட்டு மட்டும் அரித்திருந்து, காய்ச்சலும் எடை இழப்பும் இருந்தால் நம் ஊரில் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சரி, வீட்டில் எல்லாருக்கும் பி27 பார்க்கலாமா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் பேர் இருக்கும் ஊரில் 200 பேருக்கு நோய். அவர்களில் 90 சதவீதம், அதாவது 180 பேர் பி27 பாசிட்டிவ். நோயில்லாத 99,800 பேரில் 5 சதவீதம் பாசிட்டிவ் என்று வைத்தால் 4,990 பேர். ஊரையே சோதித்தால் பாசிட்டிவ் வரும் 100 பேரில் மூன்று நான்கு பேர்தான் நோயாளிகள். 'முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்' என்ற பெயரில் இதைச் சேர்ப்பது வீண் பயத்துக்குத்தான் உதவும்.

இதையே 45 வயதுக்கு முன் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகு வலிக்காரர்கள் ஆயிரம் பேரிடம் செய்தால் கதை வேறு. அவர்களில் சுமார் 50 பேருக்கு இந்த நோய் இருக்கும். 45 பேர் பாசிட்டிவ். மீதி 950 பேரில் 47 பேர் பாசிட்டிவ். பாதிக்குப் பாதி. வலியின் குணமும் அழற்சி மாதிரி இருந்தால் (அதை அறியும் ஐந்து கேள்விகள் கீழே) இன்னும் கூடும். ஆளைப் பார்த்துக் கேட்டால்தான் இந்தச் சோதனைக்குப் பயன்.

மகனுக்கு இப்போது வேண்டாம். அவனுக்கு அந்த மரபணு போயிருக்க வாய்ப்பு பாதி. போயிருந்தாலும் நோய் வருவது 10 முதல் 20 சதவீதம். மொத்தத்தில் பத்தில் ஒன்றைத் தாண்டாது. பாசிட்டிவ் என்று தெரிந்தாலும் தடுக்க மருந்து இல்லை. பார்க்க வேண்டியவை வேறு: வளரும் வயதில் அடிபடாமலே ஒரு முழங்கால் வீங்குவது, வாரக்கணக்கில் குதிகால் வலி, ஒரு கண் மட்டும் சிவந்து வெளிச்சம் கூசுவது. இந்தியக் குழந்தைகளின் மூட்டுவாதத்தில் குதிகாலும் முழங்காலும் பிடிக்கும் இந்த வகை நிறைய. கண் சிவந்தால் கடையில் சொட்டு மருந்து வாங்காமல் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். இது உங்களுக்கும் பொருந்தும். இந்த நோயாளிகளில் நாலில் ஒருவருக்காவது கண்ணில் யூவியைட்டிஸ் என்ற உள் அழற்சி வரும்.

தங்கை விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த ஐந்தையும் கேளுங்கள். வலி 40 வயதுக்கு முன் தொடங்கியதா, மெல்ல மெல்லத் தொடங்கியதா, உடம்பை அசைத்தால் குறைகிறதா, படுத்திருந்தால் குறையாமல் இருக்கிறதா, இரவில் எழுப்பிவிட்டு, எழுந்து நடந்தால் தணிகிறதா? நான்குக்கு 'ஆமாம்' என்றால் மூட்டுவாத மருத்துவரிடம் போகட்டும். அவளுக்கு பி27 பார்ப்பது நியாயம். அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனையான சி.ஆர்.பி. நார்மல் என்பதற்காக விட்டுவிடக் கூடாது. பாதிப் பேருக்கு அது நார்மலாகவே இருக்கும்.

ஸ்கேனில்தான் பணம் வீணாகிறது. வழக்கமான லம்பார் (கீழ் முதுகு) எம்.ஆர்.ஐ.யில் சாக்ரோ இலியாக் மூட்டு சரியாக விழாது. லேசான டிஸ்க் புடைப்பு தெரியும், அதையே காரணம் என்று எழுதிவிடுவார்கள். சீட்டில் 'சாக்ரோ இலியாக் மூட்டு, ஸ்டிர் வரிசையுடன்' என்று எழுதி வாங்குங்கள்; ஸ்டிர் என்பது எலும்புக்குள் நீர்க்கோப்பைக் காட்டும் எம்.ஆர்.ஐ. பட வகை. கான்ட்ராஸ்ட் ஊசி பெரும்பாலும் தேவைப்படாது. அவளுக்குக் கடந்த ஒரு வருடத்தில் பிரசவம் ஆகியிருந்தால் ஸ்கேன் அறையிலேயே சொல்லட்டும். பிரசவத்துக்குப் பிறகு அந்த மூட்டில் வரும் எலும்பு நீர்க்கோப்பு அச்சு அசலாக இந்த நோய் போலவே தெரியும்.