ஏற்காட்டுக் குளிர் அங்கே கணக்கில் வராது

தம்பி,

நான் லீவில் வந்திருக்கும்போதே உங்கள் கடிதம் கிடைத்தது நல்லதாய்ப் போயிற்று. ஏற்காடு லாங்கில்பேட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். நவம்பரில் ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு கிராமத்துக் கோயில் பங்குக்கு உதவிக் குருவாகப் போகிறீர்கள். சம்பளம், லைசென்ஸ், மொழி, அப்புறம் கிறிஸ்துமஸ் விடுமுறை எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: "குளிரைப் பற்றிக் கவலையில்லை ஃபாதர், நான் ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவன்."

அந்த வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டிச் சிரித்தேன். 2010இல் நானும் இதையேதான் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மார்கழியில் ஏரியே தெரியாமல் பனி மூடியிருக்கும்போது ஸ்வெட்டர் போடாமல் பால் வாங்கப் போன பையன் நான். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிக் கிடைக்கிற நம் குளிர், பத்து மணி வெயிலுக்குப் போய்விடும். அங்கே டிசம்பரில் வெயில் வந்தாலே அதிசயம். எட்டு மணிக்கு விடியும், நாலரைக்கு இருட்டிவிடும். குளிருக்குக் கடையில் கோட்டு விற்கிறார்கள். இருட்டுக்கு ஒன்றும் விற்பதில்லை.

சம்பள விவரத்தை அங்குள்ள மறைமாவட்ட அலுவலகத்தில் தாளில் அச்சடித்தே கொடுப்பார்கள். நம் ஊர் லைசென்ஸ் ஆறு மாதம்தான் செல்லும், அதற்குள் அவர்கள் பரீட்சையை முடித்துவிடுங்கள். மொழி போகப் போக வரும். நான் சொல்ல வேண்டியது டிசம்பர் 24 பற்றித்தான்.

சேலம் நான்கு ரோடு குழந்தை இயேசு பேராலயத்தில் அன்று ராத்திரி பூசை முடிந்து வெளியே வந்தால் நிற்க இடமிருக்குமா? யாரோ கையில் கேக்கைத் திணிப்பார்கள், யாரோ பிள்ளையை ஆசீர்வதிக்கச் சொல்லி நீட்டுவார்கள். அங்கே பூசை முடிந்த பத்தாவது நிமிடம் கோயில் வாசலில் ஈ காக்கா இருக்காது. கை கொடுப்பார்கள், வாழ்த்துவார்கள், கார் கதவுகள் வரிசையாகச் சாத்துகிற சத்தம் கேட்கும், அவ்வளவுதான். அன்பில்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுக்கு அது வீட்டுக்குள் கொண்டாடுகிற ராத்திரி.

நான் போன 2010இல், 24க்கு முந்தின ஞாயிறு, ஒரு குடும்பம் என்னை 24 ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டது. "உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்றேன், நம் ஊர் வழக்கப்படி. இங்கே அப்படிச் சொன்னால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். அங்கே "சரி" என்று போய்விட்டார்கள். தம்பி, ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள். முதல் தடவையே சரி சொல்லிவிடுங்கள்.

24ஆம் தேதி மதியம் இரண்டு மணியோடு கடைகள் அடைத்துவிடும், 25, 26 இரண்டு நாளும் விடுமுறை என்பதும் எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வருடம் 24 வெள்ளிக்கிழமை, 26 ஞாயிறு. சாயங்காலம் பால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தவனுக்குத் திங்கட்கிழமை வரை வரக்காப்பிதான். பெரிய சாமியார், அதாவது பங்குத்தந்தை, பக்கத்துக் கிராமத்துப் பூசையை முடித்துக்கொண்டு அப்படியே தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். சிறுவர் பூசைக்கும் பத்து மணிப் பூசைக்கும் நடுவில் சாமியார் பங்களாவில் நான் ஒருவன், ரொட்டி, ஜாம். ஏழரைக்கு வீட்டுக்கு போன் போட்டேன். அங்கே ஏழரை என்றால் சேலத்தில் நள்ளிரவு. தங்கை பேராலய வாசலில் நின்றபடி போனை எடுத்து, பேசாமல், மணிச் சத்தம் கேட்கட்டும் என்று உயர்த்திப் பிடித்தாள். அதற்கப்புறம் பத்து மணிப் பூசையில் பிரசங்கம் எப்படி வைத்தேன் என்று எனக்கே நினைவில்லை. அந்த நேரத்தில் மட்டும் போன் போடாதீர்கள். மறுநாள் காலையில் பேசிக்கொள்ளுங்கள்.

பூசை முடிந்து வந்து லுங்கிக்கு மாறி, குப்பையைப் போட வெளியே போனேன். பின்னால் 'க்ளிக்' என்றது. அங்கே வாசல் கதவுக்கு வெளிப்பக்கம் வெறும் குமிழ்தான், திருகினாலும் திரும்பாது. சாவி உள்ளே மேசைமேல், செல்போனுக்குப் பக்கத்தில். காலில் ரப்பர் செருப்பு, வானத்திலிருந்து பனி கொட்டுகிறது. நாலு வீடு தள்ளி, பூசைக்கு எல்லாம் எடுத்துவைக்கிற கோயில்பிள்ளை வேலை பார்க்கும் பாட்டியம்மாவின் ஜன்னலில் வெளிச்சம். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். மாற்றுச் சாவி அவரிடம் இருந்தது. ஆனால் உடனே தரவில்லை. உட்கார வைத்து, காலில் ஒரு கம்பளியைப் போட்டு, முன்னால் ஒரு தட்டை வைத்தார்: ஆறிப்போன உருளைக்கிழங்கு சாலட், இரண்டு சாசேஜ். பண்டிகைக்கு மிச்சம் மீதியைப் போடுகிறாரே என்று நினைத்தேன். அன்று ராத்திரி அங்கே பல வீடுகளில் அதுதான் சாப்பாடு என்பது பிறகு தெரிந்தது.

நம் சேலம் மறைமாவட்டம் 1930இல் உருவானபோது முதல் ஆயர் ஒரு பிரெஞ்சுக்காரர், பாரிஸ் வேதபோதக சபைக்காரர். அந்தச் சாமியார்களுக்கெல்லாம் சேலத்தில் முதல் கிறிஸ்துமஸ் அன்று யார் சோறு போட்டிருப்பார்கள் என்று அந்தத் தட்டின் முன்னால்தான் முதன்முறையாக யோசித்தேன்.

அங்கே இருக்கும் நம் ஊர்ச் சாமியார்களில் ஒரு கூட்டம் உண்டு. பண்டிகை வந்தால் ரயிலேறி ஒரு நகரத்தில் கூடி, பிரியாணி ஆக்கி, ஒவ்வொரு யூரோவையும் ரூபாயாக்கிப் பார்த்து, "இவர்களுக்கு விசுவாசமே போய்விட்டது" என்று புலம்பிவிட்டுத் திரும்புவார்கள். பத்து வருடமாகியும் பங்கில் ஒரு வீட்டு அடுப்படி தெரியாது. பிரியாணிக்கு நான் எதிரி இல்லை. 27ஆம் தேதி போங்கள்! நான் இப்போது காலை ஆறு மணிக்கே வாசல் நடைபாதைப் பனியை வாரிவிடுகிறேன், பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்னால். பூசைக்கு உதவும் பிள்ளைகளுக்கு வருடா வருடம் தட்டுவடை செட் செய்து தருகிறேன். அதில் துருவிப் போடுகிற பீட்ரூட் அங்கே தாராளமாகக் கிடைக்கிறது.

ஜனவரி 6ஐ ஒட்டிப் பிள்ளைகள் மூன்று ராஜாக்கள் வேடத்தில் வீடு வீடாகப் போய்க் காணிக்கை திரட்டுவார்கள். ஒரு ராஜாவுக்கு முகத்தில் கறுப்பு மை பூசும் வழக்கம் அந்த ஊரில் அப்போது இருந்தது, இப்போது விட்டுவிட்டார்கள். முதல் வருடம் மை டப்பாவை வைத்திருந்த பொடியன் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "நீங்கள் வந்தால் மை மிச்சம்" என்றான். அவன் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. நான் கிரீடத்தை வாங்கி மாட்டிக்கொண்டேன். அன்று நாற்பது வீட்டுக்குள் போனேன். ஒவ்வொரு வீட்டு வாசல் நிலையிலும் சாக்பீஸால் வருடத்தையும், நடுவில் சி, எம், பி என்ற மூன்று எழுத்தையும் எழுதினோம். கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிக்கட்டும் என்பதன் லத்தீன் சுருக்கம் அது.

போன லீவில் இந்த வீட்டு நிலையிலும் எழுதிவிட்டுப் போயிருந்தேன். இப்போது வந்து பார்த்தால் காணோம். "பொங்கலுக்குப் பெயிண்ட் அடிச்சப்ப அழிச்சுட்டேன் சாமி, கணக்கெடுக்க வந்தவங்க கிறுக்கிட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன்" என்கிறார் அம்மா.