அதே 5 கோடிக்கு இருவருக்கு இரு வேறு வரி: பணக்காரர்கள் தங்கள் பங்கைக் கட்டுகிறார்களா?

கேள்வி: கோவையில் ஐடி வேலை. ஆண்டுச் சம்பளம் 25 லட்சம். புதிய வரி முறையில் 3 லட்சத்துக்கு மேல் டிடிஎஸ் பிடித்துவிடுகிறார்கள். என் பெரியப்பா மகனுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பும், சில கோடிக்குப் பங்குகளும் இருக்கின்றன. ஆனால் என்னைவிடக் குறைவாகத்தான் வரி கட்டுகிறார். இது சட்டப்படி சரியா? பணக்காரர்கள் தங்கள் பங்கை ஒழுங்காகக் கட்டுகிறார்களா? என் வரியைக் குறைக்க வழி உண்டா?

பதில்: உங்கள் அண்ணன் ஒரு ரூபாயைக்கூட மறைக்காமலே உங்களைவிடக் குறைவாக வரி கட்ட முடியும். இங்கே வருமானம் எவ்வளவு என்பதோடு, அது எந்த வழியில் வந்தது என்பதும் வரியைத் தீர்மானிக்கிறது.

முதலில் உங்கள் கணக்கு. 2025-26 நிதியாண்டில் 25 லட்சம் சம்பளத்தில் 75,000 ரூபாய் நிலையான கழிவு (சம்பளக்காரர் எல்லாருக்கும் கிடைப்பது) போக, செஸ் (வரியின் மேல் போடும் சிறு கூடுதல் வரி) சேர்த்து வரி 3,19,800 ரூபாய். சம்பளத்தில் ஏறக்குறைய 12.8 சதவீதம்.

அண்ணனுக்குத் தேங்காய் விற்று வரும் பணம் விவசாய வருமானம். அதற்கு வரி போடும் அதிகாரத்தை அரசியல் சட்டம் மாநிலங்களுக்குத்தான் கொடுத்திருக்கிறது. மத்திய அரசு அதற்கு நேரடியாக வருமான வரி போடுவதில்லை. ஆனால் தேங்காயை ஆட்டி எண்ணெயாக விற்றால், ஆலையில் கிடைக்கும் லாபம் வியாபார வருமானமாகிவிடும். நீலகிரியில் தேயிலை பயிரிட்டுத் தாங்களே தூளாக்கி விற்பவர்களின் வருமானத்தில் 40 சதவீதத்துக்கு வரி உண்டு. நாமக்கல் கோழிப் பண்ணைக்கோ இந்த விலக்கே கிடையாது. அண்ணனின் பங்குகளுக்கு வரும் டிவிடெண்ட் (நிறுவனம் பிரித்துக் கொடுக்கும் லாபம்), 2020 ஏப்ரல் முதல் அவருடைய மற்ற வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படுகிறது. பங்கின் மதிப்பு மட்டும் எவ்வளவு ஏறினாலும், விற்கும் வரை அதற்கு வரி இல்லை.

இப்போது பெரிய தொகைக்கு வருவோம். ஒருவர் 5 கோடி சம்பளம் வாங்குகிறார். புதிய முறையில் சர்சார்ஜ் (பெரிய வருமானக்காரர்களுக்கு வரியின் மேல் போடும் கூடுதல் வரி), செஸ் எல்லாம் சேர்த்து அவர் கட்டுவது சுமார் 1.89 கோடி. இன்னொருவருக்கு வேறு வருமானமே இல்லை. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குகளை விற்று அதே 5 கோடி லாபம் பார்க்கிறார். அவர் கட்டுவது சுமார் 74 லட்சம். இப்படி ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற பங்கின் லாபத்துக்கு, அதாவது நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு, 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீத வரிதான். அதன் மீதான சர்சார்ஜும் 15 சதவீதத்தைத் தாண்டாது. சம்பளக்காரருக்கு வரி விகிதம் 30 வரை போகும், சர்சார்ஜும் 25 வரை போகும்.

அதனால் 'பணக்காரர்கள் வரியே கட்டுவதில்லை' என்று மொத்தமாகச் சொல்வது தவறு. நாட்டின் வருமான வரியில் பெரும்பகுதி மேல்தட்டில் இருப்பவர்களிடமிருந்துதான் வருகிறது. உயர்பதவிச் சம்பளக்காரர் கடைசி ரூபாய்க்கு 39 சதவீதம் கொடுக்கிறார். (2023 பட்ஜெட் வரை 5 கோடிக்கு மேல் இது 42.74 ஆக இருந்தது. புதிய முறையில் சர்சார்ஜை 37-லிருந்து 25-ஆகக் குறைத்ததால் இறங்கியது.) வரியில் கொடுக்கும் பங்கு சிறுத்துப்போவது பெரும் சொத்து வைத்திருப்பவர்களிடம். ஒரு நிறுவனத்தின் புரொமோட்டர் (அதை நடத்தும் முக்கிய உரிமையாளர்) சின்னச் சம்பளம் எடுத்துக்கொள்ளலாம். அவருடைய பங்கு மதிப்பு ஒரே ஆண்டில் நூறு கோடி கூடினாலும் அது வருமானம் ஆகாது. பணம் தேவைப்பட்டால் பங்கை அடமானம் வைத்துக் கடன் வாங்குவார். கடனுக்கும் வரி இல்லை. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் பேராசிரியர் ராம் சிங், தேர்தல் வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களை வைத்து ஆராய்ந்தபோது இதுதான் தெரிந்தது: சொத்து பெருகப் பெருக, அந்தச் சொத்தோடு ஒப்பிட்டால் அறிவிக்கப்படும் வருமானம் சுருங்கிக்கொண்டே போகிறது.

இது என்றைக்கும் இப்படி இருந்ததில்லை. 1973-74இல் உச்ச வரி 97.75 சதவீதம்! அது ஏய்ப்பைத்தான் வளர்த்தது. வாரிசுச் சொத்துக்கான எஸ்டேட் வரி 1985இல் எடுக்கப்பட்டது. செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி நீக்கினார். 2013-14இல் நாடு முழுக்க அதில் வசூலானதே 1,008 கோடிதான். பங்குகளின் நீண்டகால ஆதாயத்துக்கு 2004 முதல் 2018 வரை வரியே இல்லை. அதன் பிறகு 10 சதவீதம் வந்தது, 2024 ஜூலையில் 12.5 ஆனது.

குறைந்த விகிதத்துக்குச் சொல்லப்படும் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனம் தன் லாபத்தில் ஏற்கெனவே சுமார் 25 சதவீதம் வரி கட்டிவிட்டது, விலை உயர்வில் ஒரு பகுதி வெறும் பணவீக்கம் என்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1.89 கோடிக்கும் 74 லட்சத்துக்கும் உள்ள இடைவெளி முழுவதையும் இது நியாயப்படுத்தும் என்று நான் நினைக்கவில்லை. சில லட்சம் லாபம் பார்க்கும் சிறு முதலீட்டாளரை விட்டுவிடலாம். கோடிக்கணக்கில் வரும் ஆதாயத்துக்காவது சம்பளத்துக்குப் போடும் சர்சார்ஜையே போடவேண்டும்.

சரி, உங்கள் வரிக்கு வருவோம். பழைய முறைக்கு (கழிவுகள் அதிகம், விகிதமும் அதிகம்) மாறலாமா என்று யோசித்தால், உங்கள் சம்பளத்துக்கு நிலையான கழிவு தவிர சுமார் 8 லட்சத்துக்கு மேல் கழிவுகள் இருந்தால்தான் லாபம். 80சி-க்கு (பிஎஃப், காப்பீடு போன்ற சேமிப்புகள்) 1.5 லட்சம், வீட்டுக் கடன் வட்டிக்கு 2 லட்சம் போனால் மீதி பெரும்பாலும் ஹெச்ஆர்ஏ-விலிருந்துதான் (வீட்டு வாடகைப் படி) வரவேண்டும். வாடகையும் வீட்டுக் கடனும் சேர்ந்து இல்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு எட்டாது.

புதிய முறையிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. நிறுவனம் உங்கள் பெயரில் என்பிஎஸ் என்ற ஓய்வூதியத் திட்டத்தில் போடும் தொகைக்கு, பேசிக்கில் (அடிப்படைச் சம்பளம்) 14 சதவீதம் வரை கழிவு உண்டு. உங்கள் பேசிக் 10 லட்சம் என்றால், சம்பளத்துக்குள்ளேயே 1.4 லட்சத்தை இப்படி மாற்றித் தரச் சொல்லி ஹெச்ஆரிடம் கேளுங்கள். ஆண்டுக்கு 37,700 ரூபாய் மிச்சம். பணம் ஓய்வுக்காலம் வரை பெரும்பாலும் முடங்கிக் கிடக்கும் என்பதை மட்டும் யோசித்து முடிவெடுங்கள்.

ஈக்விட்டி ஃபண்ட் இருந்தால், ஆண்டுதோறும் மார்ச்சுக்குள் 1.25 லட்சம் வரை நீண்டகால லாபத்தை விற்று எடுத்து, மறுபடி முதலீடு செய்யலாம். பின்னால் சேர்ந்து வரும் வரியில் ஆண்டுக்கு 16,250 ரூபாய் வரை குறையும்.

'ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன்' என்று வரும் ஏஜென்ட்டுகள் பேச்சைக் கேட்டு, இல்லாத வாடகையையும் கொடுக்காத நன்கொடையையும் காட்டாதீர்கள். பொய்த் தகவல் என்று தெரிந்தால் வரியோடு 200 சதவீத அபராதமும் வரும். மனைவி பெயரில் நீங்கள் எஃப்டி போட்டாலும் வட்டி உங்கள் வருமானத்தில்தான் சேரும். அப்பா அம்மாவுக்குப் பணத்தை அன்பளிப்பாகக் கொடுத்தால் அப்படிச் சேராது. அவர்களுக்கு வேறு வருமானம் இல்லையென்றால் அந்த வட்டிக்குப் பெரும்பாலும் வரியே வராது. ஆனால் பணம் உண்மையிலேயே அவர்களுடையதாகிவிடும். வங்கி வழியாக அனுப்பி, அன்பளிப்பு என்று ஒரு கடிதமும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.