காய் விட்டதும் பழம் விட்டதும் ஆங்கிலத்தில் எப்படி?

கேள்வி: என் மகள் அரசு உதவி பெறும் பள்ளியில், தமிழ் வழியில் 9-ஆம் வகுப்பு படிக்கிறாள். மனிதர்களின் குணங்களைக் குறிக்கும் 200 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியலை வாங்கிக் கொடுத்து, நாளுக்கு 20 வீதம் மனப்பாடம் செய்யச் சொன்னேன். கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஆனால் சென்ற வாரம் வகுப்பில் தோழியைப் பற்றி ஐந்து வாக்கியம் பேசச் சொன்னபோது, 'ஷி இஸ் எ குட் கேர்ள்' என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதுகொண்டே உட்கார்ந்துவிட்டாளாம். எங்கே தவறினோம்?
– ஒரு தாய், தென்காசி.

பதில்: அன்புச் சகோதரிக்கு, 200 சொற்களைத் தடுமாறாமல் ஒப்பிக்கும் பிள்ளையின் நினைவாற்றலில் குறை காண ஒன்றுமில்லை. நீங்கள் வாங்கிக் கொடுத்த பட்டியலின் அடுக்குமுறைதான் அவள் காலை வாரியிருக்கிறது. ஒரே வகையைச் சேர்ந்த சொற்களை ஒரே மூச்சில் படித்தால் அவை ஒன்றோடொன்று மோதிக் குழம்பும் என்பதைத் தாமஸ் டிங்கம் என்ற ஆய்வாளர் 1993-இல் சோதித்துக் காட்டினார். ராப் வாரிங், ஜப்பானிய மாணவர்களிடம் அதே சோதனையைச் செய்து 1997-இல் வெளியிட்ட முடிவும் அதையே உறுதிசெய்தது. அதே ஆண்டில் டிங்கம் இன்னொன்றையும் கண்டார்: தவளை, குளம், தாவுதல் என்பதுபோல ஒரே காட்சிக்குள் அடங்கும் சொற்கள் எளிதாக மனத்தில் தங்குகின்றன. இதையெல்லாம் அறியாத காலத்தில், 'இன்ட்ரோவெர்ட்' (தனக்குள் ஒடுங்குபவர்), 'எக்ஸ்ட்ரோவெர்ட்' (எல்லோரோடும் கலகலப்பவர்) இரண்டையும் எதிர்ச்சொற்களாக ஒரே பாடவேளையில் நடத்திவிட்டு, மறுநாள் பாதி வகுப்பு இரண்டையும் மாற்றி எழுதியதைக் கண்டு பிள்ளைகளைக் கடிந்துகொண்டவன் நான்.

பட்டியலை நீட்டிப் பயனில்லை. கோர்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் பெரிய ஆங்கில அகராதி ஒன்றைச் சலித்து, மனிதர்களின் இயல்பைக் குறிக்கும் சொற்களாக 17,953-ஐத் தொகுத்து 1936-இல் வெளியிட்டார்கள். பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுபவர்களே அவற்றில் பெரும்பகுதியை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பயன்படுத்துவதில்லை.

ஆகவே, பட்டியலை மூடி வைத்துவிட்டு, அந்தத் தோழியை ஏன் பிடிக்கிறது என்று மகளிடம் தமிழிலேயே கேளுங்கள். "டிபன் பாக்ஸைத் திறந்ததும் பாதியை எனக்கு வைத்துவிட்டுத்தான் அவள் சாப்பிடுவாள்" என்பாள். அது 'ஷி ஆல்வேஸ் ஷேர்ஸ் ஹெர் லஞ்ச் வித் மீ' ஆகும். தாராள மனத்தைக் குறிக்கும் 'ஜெனரஸ்' என்ற சொல்லை அந்த வாக்கியத்தின் தோளில் ஏற்றிவிடுங்கள், இறங்கவே இறங்காது. அடுத்து, இருவருக்கும் எப்போதாவது சண்டை வந்ததா என்று கேளுங்கள். வராமல் இருந்திருக்காது. காய் விட்டதைச் சொல்ல 'வி ஃபெல் அவுட்', மூன்று நாள் பேசாமல் இருந்ததைச் சொல்ல 'வி வேர் நாட் ஆன் ஸ்பீக்கிங் டெர்ம்ஸ்', பழம் விட்டதைச் சொல்ல 'வி மேட் அப்' என்று ஆங்கிலத்தில் வழக்குகள் உண்டு. யாரோடு சண்டை என்பதற்கு 'வித்', எதற்காகச் சண்டை என்பதற்கு 'ஓவர்' என்ற துணைச் சொற்களையும் அப்போதே சேர்த்துக்கொள்ளட்டும். 'மேக் அப்' என்பதற்கு முகப்பூச்சு, கதை கட்டுதல் என்ற பொருள்களும் இருப்பதால், தனிச்சொல்லாகப் படித்தவர்கள் எந்த இடத்தில் எது என்று விழிப்பார்கள். தன் சண்டையின் கதையோடு படித்தவளுக்கு அந்தத் தொல்லை இராது.

குணச் சொற்களில் இன்னொரு சங்கடம், பேசுபவரின் விருப்பும் வெறுப்பும் அவற்றுக்குள்ளேயே ஒளிந்திருப்பது. ஒரே பெண்ணை, பிடிக்காதவர்கள் 'ஸ்டபர்ன்' என்றும் பிடித்தவர்கள் 'டிடர்மின்ட்' என்றும் சொல்வார்கள். பிடிவாதக்காரி என்பதற்கும் எடுத்ததை முடிப்பவள் என்பதற்கும் தமிழில் உள்ள தூரம்தான் இது. மணமகள் தேவை விளம்பரங்களில் நாம் பாராட்டாக அச்சிடும் 'ஹோம்லி', அமெரிக்காவில் பார்க்க லட்சணம் இல்லாதவரைக் குறிக்கும். அந்த ஊர்த் தோழியிடம் சொன்னால் காய் விடுவது நிச்சயம். 'சென்சிபிள்' என்பவள் விவரமானவள், 'சென்சிடிவ்' என்பவள் சட்டென்று மனம் வாடுபவள். ஒலி நெருக்கமான இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் படிக்க வேண்டாம்.

பள்ளி தொடர்பான சொற்களுக்காக அதிகம் கவலைப்பட வேண்டாம், பாதிக்கு மேல் அவள் நாவில் ஏற்கெனவே இருக்கின்றன. பள்ளிப் படிப்பை முடிப்பதை நாம் 'பாஸ் அவுட்' என்கிறோம். வெளிநாட்டவர் பலருக்கு அது மயங்கி விழுவது. தேர்வை நாம் 'ரைட்' செய்கிறோம். அமெரிக்கர் 'டேக்' என்பார், பிரிட்டிஷார் 'சிட்' என்றும் சொல்வார். நம் வழக்கு இங்கே எல்லோருக்கும் புரிகிறது என்பதால் அதைப் பிழை என்று அடித்துத் திருத்த வேண்டியதில்லை. கேட்பவர் யார் என்ற நினைவு இருந்தால் போதும்.

படித்ததை மறக்காமல் இருக்க, செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் தம் நூல் ஒன்றில் விளக்கிய பெட்டி முறை வீட்டுக்கு ஏற்றது. காலி செருப்புப் பெட்டியை அட்டைத் துண்டுகளால் ஐந்து அறைகளாகத் தடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சீட்டிலும் முன்பக்கம் நடந்ததைத் தமிழில் ஒரு வரியாகவும், பின்பக்கம் அதற்கான முழு ஆங்கில வாக்கியத்தையும் மகளே எழுத வேண்டும். தமிழைப் பார்த்து ஆங்கிலத்தைச் சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த அறைக்குப் போகும். தவறினால், எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும், பின்னால் உள்ள அறைகளைப் போகப்போக நீண்ட இடைவெளி விட்டும் எடுத்துப் பார்க்கலாம். வாரத்துக்கு எட்டுச் சீட்டுகளுக்கு மேல் சேர்க்காதீர்கள். பழைய 20-இன் பழக்கத்தில் உங்கள் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

முதல் சீட்டின் தமிழ் வரியை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுங்கள். பள்ளி நாளில் நீங்கள் யாரோடு, எதற்காகக் காய் விட்டீர்கள் என்பதாக அது இருக்கட்டும். பின்பக்கத்தை அவள் நிரப்புவாள்.