திரும்பி வரும் பந்தின் கணக்கு

அன்புள்ள ஐயா,

பந்து சுவரில் பட்டு அதே வேகத்தில் திரும்பி வருகிறது. நிறை மாறவில்லை, வேகமும் மாறவில்லை, அதனால் இரண்டையும் பெருக்கி வரும் உந்தமும் மாறவில்லை என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். “திசை மாறிவிட்டதே, அப்போது உந்தமும் மாறித்தானே ஆக வேண்டும்? உந்தம் அழியாது என்று புத்தகத்தில் போட்டிருப்பது பொய்யா?” என்கிறாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். யார் சொல்வது சரி?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

மதிப்பெண் உங்கள் மகளுக்குத்தான். ஆனால் நீங்கள் வருத்தப்பட வேண்டாம், இதே இடத்தில் பிரெஞ்சு தத்துவ அறிஞர் தெகார்த்தே சறுக்கியிருக்கிறார். 1644இல் அவர் சொன்ன ‘இயக்கத்தின் அளவு’ பருமனையும் வேகத்தையும் பெருக்கி வருவது; திசைக்கு அதில் இடமில்லை. அதனால் மோதல் பற்றி அவர் எழுதிய விதிகளில் பெரும்பாலானவை தப்பாகப் போயின. திசையையும் சேர்த்துக் கூட்ட வேண்டும் என்று பிறகு காட்டியவர்களில் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் ஒருவர்.

சரி, விதி பொய்யா? இல்லை. வெளியிலிருந்து விசை எதுவும் வராத ஒரு தொகுதியின், அதாவது நாம் சேர்த்து எண்ணும் பொருள்களின், மொத்த உந்தம் மாறாது என்பதுதான் விதி. பந்தை மட்டும் தனியே எடுத்தால் சுவர் வெளி ஆள். சுவரையும் அது நிற்கிற பூமியையும் உள்ளே சேர்த்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும்.

150 கிராம், அதாவது 0.15 கிலோகிராம், பந்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிறது. உந்தம் 3 அலகு. திரும்பும்போது திசை எதிர்ப்பக்கம் என்பதால் அது கழித்தல் 3. மாற்றம் 6. அந்த 6 அலகும் சுவர் வழியாகப் பூமிக்குப் போகிறது. பந்திடம் இருந்ததே 3, பூமிக்குக் கிடைத்தது 6! பூமியின் நிறையோ ஏறக்குறைய 6க்குப் பின்னால் 24 சுழியம் போட்ட கிலோகிராம். அதற்குக் கிடைக்கும் வேகத்தில் 1380 கோடி ஆண்டு, அதாவது பிரபஞ்சத்தின் வயது முழுக்க, நகர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. உந்தம் இரட்டிப்பாகப் போனாலும் இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றும் போவதில்லை. பந்து அதே வேகத்தில் திரும்ப முடிவது அதனால்தான்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். முதலில் களிமண் உருண்டையை எறியுங்கள், அப்பியதும் கட்டை கொஞ்சம் ஆடும். அடுத்து அதே எடையுள்ள ரப்பர் பந்தை அதே வேகத்தில் எறியுங்கள். அது துள்ளித் திரும்பும், கட்டையோ ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் கிளம்பும். ஒட்டிக்கொண்டதைவிட விட்டுப்போனது அதிகம் தள்ளுகிறது. முதன்முதலில் பார்த்தபோது நான் மூன்று நான்கு தடவை எறிந்து பார்த்தேன்.

வண்டி அதே வேகத்தில் வளைவில் திரும்புவதும் இதே கதைதான்; திசை மாறுவதால் உந்தமும் மாறுகிறது. டயர் சாலையை வெளிப்பக்கம் தள்ளுகிறது, சாலை வண்டியை உள்பக்கம் தள்ளுகிறது.

அப்புறம் மகளிடம் இதையும் கேளுங்கள்: பந்தை எறிந்தது யார்? அவள் எறிந்தபோதே கால் வழியாகப் பூமிக்குக் கழித்தல் 3 போய்விட்டது. சுவரில் பட்டதும் கூட்டல் 6. ஆக, பூமியிடம் கூட்டல் 3, பந்திடம் கழித்தல் 3. திரும்பி வரும் பந்தை அவளே பிடித்து நிறுத்தினால் பூமியின் கணக்கில் எவ்வளவு மிச்சம்?