நாணயத்தின் மேல் விழுந்த வணிகர் குத்து: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் பாட்டனார் பினாங்கில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் (வட்டிக்கடையில்) பெட்டியடிப் பையனாக, அதாவது கீழ்நிலை உதவியாளாகச் சேர்ந்து, பின்னாளில் மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்தவர். அவருடைய பெட்டகத்தில் 1901 என்று பொறித்த பெரிய வெள்ளி நாணயம் ஒன்று கிடைத்தது. சூலமும் கேடயமும் ஏந்திய பெண் நிற்கும் பக்கத்தில், சீன எழுத்துப் போன்ற ஐந்து சிறு குத்துகள் உள்ளன. குத்தியவர் யாரென்று அறிய முடியுமா? இவற்றால் நாணயம் கெட்டுவிட்டதா? (ஒரு வாசகி, தேவகோட்டை)

பதில்: உங்களிடம் இருப்பது 1895 முதல் அச்சிடப்பட்ட பிரிட்டிஷ் வணிக டாலர். சூலத்தின் நடுமுனையை உருப்பெருக்கியால் பாருங்கள்; அங்கே நுண்ணிய 'பி' எழுத்து இருந்தால், ஹாங்காங்கிலும் மலாயாத் துறைமுகங்களிலும் புழங்குவதற்காகப் பம்பாய் நாணயச்சாலையில் அடித்து அனுப்பப்பட்ட காசு அது.

சீன வணிகர்கள் வெளிநாட்டு டாலரை, அதில் அச்சிட்ட மதிப்பை நம்பி வாங்கியதில்லை; வெள்ளியின் எடையையும் மாற்றையும் பார்த்தே வாங்கினார்கள். காசைத் தட்டி ஓசை கேட்டும், உள்ளே ஈயமோ செம்போ மறைந்திருக்கிறதா என்று சோதித்தும் ஏற்பதற்கென்றே வணிக இல்லங்களில் ஆள் இருந்தார். தேறிய காசில் தம் கடையின் சிறு முத்திரையைக் குத்தி, 'இது எங்கள் கை பார்த்தது' என்று அவர் பொறுப்பேற்றுக்கொண்டார். அந்தச் சோதனையாளரை ஆங்கிலேயர் 'ஷ்ராஃப்' என்றார்கள். நம் கல்வெட்டிலும் கணக்கிலும் வரும் வண்ணக்கரின் (நாணயம் சோதிப்பவரின்) வேலையைப் பிற்காலத்தில் செய்த சராப்பும் இந்த ஷ்ராஃபும் ஒரே அரபுச் சொல்லின் வழிவந்தவர்கள். ஹாங்காங்கின் வாகன நிறுத்தங்களில் பணம் கட்டும் சாளரத்துக்கு மேலே அந்தச் சொல் இன்றும் எழுதப்பட்டிருப்பதை எண்ணும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

குத்தியவரின் பெயரைக் கேட்கிறீர்கள். பெரும்பாலான குத்துகளில் இருப்பது 'பெரிய', 'மங்கலம்' போன்ற பொருள் தரும் ஒற்றை எழுத்தோ, பூவோ, பிறையோதான். ஒரே எழுத்தைப் பல கடைகள் வைத்திருந்தபடியால், எழுத்தை மட்டும் கொண்டு ஒரு கடையைச் சுட்டுவது துணிச்சலான ஊகமாகவே முடியும். அதைச் செய்ய வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நாணயமே சொல்லும் செய்திகள் உண்டு. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து ஒளிப்படம் எடுங்கள். இரண்டு குத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால், எதன் விளிம்பு நசுங்கியிருக்கிறதோ அது முந்தியது. குத்தின் ஓரத்தில் பிதுங்கிய வெள்ளி கூர்மையாக இருந்தால், அதன்பின் காசு அதிகம் கைமாறவில்லை; அந்த விளிம்பும் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தால், குத்து விழுந்தபிறகும் அது நெடுநாள் புழங்கியிருக்கிறது. 1901 என்பது காசு பிறந்த ஆண்டு மட்டுமே. குத்துகள் அதற்கு முந்தியவையாக இருக்க முடியாது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லாது.

நாணயம் கெட்டுவிட்டதா என்ற கவலை வேண்டாம். முன்பு சேதம் என்று ஒதுக்கப்பட்ட இவற்றை இன்று தரமதிப்பு நிறுவனங்கள் 'குத்துள்ளவை' என்று தனி வகையாகவே மதிப்பிடுகின்றன. புளியோ பளபளப்புப் பொடியோ போட்டுத் துலக்கிவிடாதீர்கள். குத்தின் ஓரத்துச் சான்று அதோடு போய்விடும். எடை ஏறத்தாழ 26.95 கிராம் இருக்க வேண்டும். வார்ப்புப் போலிகளில் குத்துகளும் சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். அசல் குத்து உளியால் வெட்டியதுபோல் இறங்கியிருக்க, போலியில் அதன் அடிப்பகுதி மழுங்கித் தெரியும்.

கேள்வி: வணிகரின் பெயரே முழுமையாகக் குத்தப்பட்டிருந்தால் எங்கே தேடுவது? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டுக் காசுகள் பல அப்படித்தான் இருக்கின்றன. வெள்ளி அரை டாலர்களில் 'ஹௌக்ஸ் பனேசியா, பால்டிமோர்' என்ற மருந்து விளம்பரம் குத்தப்பட்டிருப்பது நன்கு அறியப்பட்டது. ஊரும் தெரிந்தால், அந்நகரத்தின் ஆண்டு விவரக் கையேடுகளில் பெயர், தொழில், தெரு எல்லாம் கிடைக்கும். பிறகு செய்தித்தாள் விளம்பரங்களோடும் மக்கள்தொகைக் கணக்கோடும் ஒப்பிட வேண்டும். பெயர் மட்டும் இருந்தால், வெள்ளிக் கரண்டிகளையும் துப்பாக்கிகளையும் கருவிகளையும் பற்றிய பட்டியல்களைப் பாருங்கள். தட்டாரும் துப்பாக்கிக் கொல்லரும் தம் சரக்கில் அடிக்கும் முத்திரையையே காசிலும் அடித்திருக்கிறார்கள். எழுத்தின் வடிவமும் அளவும் சரக்கிலுள்ள முத்திரையோடு பொருந்தினால் ஒழிய, பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

கேள்வி: அரசுகள் இதைத் தடுக்கவில்லையா? (அதே வாசகர்)

பதில்: பிரிட்டன் தடுத்தது. லாயிட்ஸ் வார இதழின் விளம்பரம்கூடக் காசுகளில் குத்தப்பட்ட காலம் அது. நாட்டின் காசில் பெயரோ சொல்லோ குத்துவது குற்றம் என்று 1853-இல் சட்டம் வந்தது. அச்சட்டம் பிரிட்டன் காசுகளை மட்டுமே காத்ததால், பிற்பாடு பியர்ஸ் சோப்பின் பெயர், பென்னியோடு பென்னியாக அங்கே புழங்கிய பிரெஞ்சுப் பத்துச் சென்டிம் வெண்கலக் காசுகளில் ஏறியது.