மகளைத் தனியாக பஸ் ஏற்றி அனுப்பலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். பிளஸ் டூ முடித்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவள்தான். இதுவரை தனியாக பஸ் ஏறியதுகூட இல்லை. நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை. பக்கத்திலேயே ஏதாவது கல்லூரியில் சேர்த்துவிடலாமா?
– ஒரு தாய், அரூர்

பதில்: பக்கத்துக் கல்லூரி என்ற யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள் அம்மா. இந்த ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது, அடுத்த வருடம்தான் பொறியியலுக்கும் கிடைத்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டிவிடுகிறது. 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃபில் உங்கள் மகள் உழைத்து வாங்கிய இடம் அது. அதை விடக் கூடாது.

உங்கள் பயத்தைத் தப்பென்று சொல்ல மாட்டேன். நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். கல்லூரிக்குப் போய்ப் பாதியில் திரும்பிய பிள்ளைகளில், பாடம் புரியாமல் வந்தவர்கள் குறைவு. பேங்கில் சலான் நிரப்பத் தெரியாது, ஆபீஸில் ஒரு விஷயம் கேட்கக் கூச்சம், விடுதியில் உடம்புக்கு முடியவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்று தெரியாது. இப்படி வந்தவர்கள்தான் நிறைய. அதனால் கல்லூரி திறப்பதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். எல்லா வேலையையும் அவளே செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

முதலில் காகிதங்கள். சாதி, வருமானம், இருப்பிடச் சான்றிதழ்களில் எது புதிதாக எடுக்க வேண்டியிருந்தாலும் இ-சேவை மையத்துக்கு அவளே போகட்டும். மனு எண்ணை அவள் போனில் வைத்துக்கொள்ளட்டும். வி.ஏ.ஓ.விடம் நிற்கிறதா, வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.யிடம் போய்விட்டதா, தாசில்தார் கையெழுத்து ஆகிவிட்டதா என்று அவளே பார்க்கட்டும். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் அவள் பேசும்போது நடுவில் நீங்களோ அவள் அப்பாவோ வாயைத் திறக்காதீர்கள். தடுமாறினால் தடுமாறட்டும். நாளைக்குக் கல்லூரி ஆபீஸில் நிற்கப் போவது அவள்தானே!

பெயர் விஷயத்தை ரொம்பக் கவனியுங்கள். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும், பேங்க் புத்தகத்தில் எழுத்தே வேறாக இருக்கும். மூன்றையும் ஒன்றாக மேசையில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்க்கச் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது நேராக மாணவியின் கணக்கில்தான் ஏறும். பெயர் ஒத்துப்போகாவிட்டாலோ, கணக்கில் ஆதார் இணையாவிட்டாலோ பணம் நின்றுவிடும். இன்னொன்றும் இருக்கிறது. பள்ளியில் உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கு மைனர் கணக்காக இருக்கும். 18 வயது ஆனதும் பேங்கில் போட்டோ, கையெழுத்து கொடுத்து மாற்ற வேண்டும். பல வீடுகளில் இதை மறந்துவிடுகிறார்கள். டி.சி.யும் மார்க் ஷீட்டும் கல்லூரியில் கேட்பார்கள், எனவே கொடுப்பதற்கு முன்னால் நகல் நாலைந்து எடுத்து, போனிலும் ஸ்கேன் செய்து வைக்கட்டும்.

அப்புறம் பஸ். ஒரு தடவை நீங்கள் கூடப் போங்கள். அரூரிலிருந்து மஞ்சவாடி வழியாகச் சேலம், அங்கே புது பஸ் ஸ்டாண்டில் கோவை பஸ், இறங்குவது காந்திபுரம். ஆனால் டிக்கெட் எடுப்பது, பஸ் கேட்பது, சில்லறை வாங்குவது எல்லாம் அவள் வேலை. சேலத்தில் பஸ் மாறும்போது நீங்கள் அவள் பின்னால்தான் நடக்க வேண்டும். அடுத்த தடவை அவளே போய்விடுவாள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, இருட்டிவிட்டால் யாருக்குப் போன் செய்வது, 181 என்ற பெண்கள் உதவி எண் எதற்கு, இதையெல்லாம் பயமுறுத்தாமல் சாதாரணமாகப் பேசுங்கள்.

தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டரில் பெரிய அடி ஆங்கிலத்தில்தான் விழுகிறது. அதற்குக் காசு கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்க வேண்டாம். பாடநூல் கழகப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவள் தமிழில் படித்த அதே பிளஸ் டூ கணக்கு, இயற்பியல் புத்தகங்களின் ஆங்கிலப் பதிப்பை எடுத்துக்கொண்டு, நன்றாகத் தெரிந்த பாடத்திலிருந்து ஆரம்பிக்கட்டும். வகைக்கெழு, தொகையீடு இரண்டும் கை பழகியவை, ஆங்கிலப் பெயர் மட்டும்தான் புதிது. தினம் ஒரு கணக்கை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடச் சொல்லுங்கள். கல்லூரி திறக்கும்போது கரும்பலகையைப் பார்த்து மிரள மாட்டாள்.

விடுதியில் முதல் மாதம் அழுவாள், உங்களுக்குப் போன் வரும். உடனே பெட்டியோடு வரச் சொல்லிவிடாதீர்கள். சாப்பிட்டாளா, பக்கத்துக் கட்டில் பெண் எந்த ஊர், வார்டனிடம் பேசினாளா என்று கேளுங்கள். ஆனால் யாராவது மிரட்டுகிறார்கள், ராகிங் என்று சொன்னால் அது வேறு விஷயம். தமிழ்நாட்டில் 1997-லிருந்தே ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. அன்றைக்கே கிளம்பிப் போய்க் கல்லூரி முதல்வரைப் பாருங்கள்.

கேள்வி: பிளஸ் டூவில் இயற்பியலில் ஃபெயில். அப்பா கடைக்கு வேலைக்குப் போகச் சொல்கிறார். எனக்கு எலக்ட்ரீஷியன் வேலை பிடிக்கும். சொந்தக்காரர்கள் கேவலமாகப் பேசுகிறார்கள்.
– ஒரு மாணவன், திருவாடானை

பதில்: தம்பி, துணைத் தேர்வுக்கு உடனே பணம் கட்டு. அதில் பாஸ் செய்தால் இந்த வருடமே கல்லூரியில் சேரலாம், வருடம் வீணாகாது. எலக்ட்ரீஷியன் ஆசை நல்ல ஆசை. அரசு ஐ.டி.ஐ.யில் பத்தாம் வகுப்பு மார்க்கிலேயே விண்ணப்பிக்கலாம். எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு வருடம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம், அதன்பிறகு பி.இ.யிலும் இரண்டாம் வருடம் சேர வழி இருக்கிறது. அப்பாவை ஒரு நாள் பக்கத்து ஐ.டி.ஐ.க்குக் கூட்டிக்கொண்டு போ. ஒர்க்‌ஷாப்பில் பையன்கள் மோட்டார் சுற்றுவதை அவர் நின்று பார்க்கட்டும். பயிற்சி அலுவலரிடம் முன்னாள் மாணவர்கள் எங்கெங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று அவரையே கேட்கச் சொல். சொந்தக்காரர்களுக்கு நீ இப்போது பதில் சொல்ல வேண்டியதில்லை.