'சிறந்த பொறியியல் ஆசிரியர் விருது' தருவதாக மெயில் வந்திருக்கிறது, பணம் கட்டலாமா?

கேள்வி: தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். 'சிறந்த பொறியியல் ஆசிரியர்' விருதுக்குத் தேர்வாகியிருப்பதாக மெயில் வந்திருக்கிறது. பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள். வாங்கலாமா?

கட்டாதீர்கள். நான் கட்டியவன், அதனால் சொல்கிறேன்.

உங்கள் நிலைமையை ஓரளவு ஊகிக்க முடிகிறது. பத்துப் பன்னிரண்டு வருட சர்வீஸ் இருக்கும். பிஎச்டி இழுத்துக்கொண்டே போகும். கல்லூரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் நாக் அமைப்பின் மதிப்பீடு வரப்போகிறது என்று துறைத்தலைவர் ஒரு எக்செல் ஷீட்டைச் சுற்றுக்கு விட்டிருப்பார். அதில் 'பெற்ற விருதுகள்' என்ற கட்டம் உங்கள் பெயருக்கு நேரே காலியாகக் கிடக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து அந்த மெயில் வந்திருக்கும். எனக்கு அப்படித்தான் வந்தது, கொரோனாவுக்கு முந்தைய வருஷம்.

கட்டணம் 5,000, ஜிஎஸ்டி சேர்த்து 5,900. விருதுக்கு ஏதப்பா ஜிஎஸ்டி என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். பயோடேட்டா கேட்டார்கள். அனுப்பி இருபது நிமிடம் ஆகவில்லை, நடுவர் குழு என்னை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டதாகப் பதில் வந்தது.

விழா செப்டம்பர் 15, பொறியாளர் தினத்தன்று. ஓட்டல் ஹால், மேடை பேனரில் தலைப்பாகையோடு பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா. தொகுத்து வழங்கிய பெண் 'மேட்டூர் அணையைக் கட்டிய மாமேதையின் பிறந்த நாளில்' என்று ஆரம்பித்தார். எனக்குச் சொந்த ஊர் மேட்டூர் பக்கம், பாடம் எடுப்பது சிவில். விஸ்வேஸ்வரய்யா பேர் சொல்ல நிற்பது மைசூர் பக்கத்துக் கிருஷ்ணராஜ சாகர் அணை. மேட்டூர் 1925இல் ஆரம்பித்து 1934இல் முடிந்தது, எல்லிஸ் என்ற வெள்ளைக்காரப் பொறியாளரின் திட்டம். மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் நடந்த 1924 ஒப்பந்தத்தில் அந்தப் பக்கம் அந்த அணை, இந்தப் பக்கம் இந்த அணை. பொறியாளர்களுக்கு விருது கொடுக்கும் மேடையில் இதைக்கூடச் சரிபார்க்க ஆளில்லை. ஹாலே கைதட்டியது. நானும் தட்டினேன்.

நூற்றுச் சொச்சம் பேரைப் பத்துப் பத்து பேராக மேடையேற்றினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாலிடெக்னிக் மேடம் மெதுவாகத் திரும்பி, "சார், நீங்க எவ்வளவு கட்டினீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு 4,720தானாம், போன் போட்டுப் பேசிக் குறைத்திருக்கிறார். சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டிருந்தது. இன்றுவரை நான் டாக்டர் இல்லை. ஷீல்டில் பெயரைப் பொறிக்கவில்லை, ஸ்டிக்கர்தான். அதற்குள் ஒரு காற்றுக்குமிழ் வேறு, நகத்தால் தள்ளித் தள்ளிப் பார்த்தும் போகவில்லை.

கல்லூரியில் என்ன ஆயிற்று என்றால், ஃபைலைப் புரட்டிய நாக் ஒருங்கிணைப்பாளர், "அரசோ அரசு அங்கீகரித்த அமைப்போ கொடுத்ததுதான் கணக்கில் வரும் சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கட்டம் காலியாகவே போனது.

'வாங்கி மாட்டிக்கொண்டு இப்போது அடுத்தவனுக்குப் புத்தி சொல்கிறாயா' என்று கமெண்டில் வருவீர்கள் என்று தெரியும். ஆமாம், அப்படித்தான். எல்லா விருதையும் போலி என்று சொல்லவும் வரவில்லை. இந்தியப் பொறியியல் தேசிய அகாதமி கொடுக்கிறது, தொழில்நுட்ப ஆசிரியர்களின் சங்கமான ஐஎஸ்டிஇ கொடுக்கிறது, தொழில்நுட்பக் கல்விக்கான அரசு அமைப்பான ஏஐசிடிஇ விஸ்வேஸ்வரய்யா பெயரிலேயே கொடுத்திருக்கிறது. செப்டம்பர் 5 அன்று டில்லியில் தரும் தேசிய நல்லாசிரியர் விருதில் 2023 முதல் கல்லூரி, பாலிடெக்னிக் ஆசிரியர்களையும் சேர்த்திருக்கிறார்கள். வெள்ளிப் பதக்கமும் 50,000 ரூபாயும் அவர்கள் நமக்குத் தருவது. பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். முதல்வர் பதவியில் இருப்பவர்கள் அதற்கு விண்ணப்பிக்க முடியாது என்பது என் சொந்தக் காரணங்களுக்காக எனக்கு ரொம்பப் பிடித்த விதி.

இருந்தாலும் ஒரு மனக்குறை. எங்கள் சர்வே லேபில் ஒரு அண்ணன் இருந்தார். டிப்ளமோ படித்தவர், பதவி லேப் டெக்னீஷியன். கோணம் அளக்கும் தியோடலைட் கருவியை, அதிலுள்ள மட்டக் குமிழை நடுவில் நிறுத்தி மட்டம் செய்யத் தெரியாமல் பையன்கள் திருகைக் கண்டபடி திருப்பிக்கொண்டு நிற்பார்கள். இவர் பின்னால் வந்து நின்று, "ரெண்டு கட்டைவிரலும் ஒண்ணையொண்ணு பாத்து வரணும், இல்ல ரெண்டும் விலகிப் போவணும். குமிழ் எப்பவும் இடது கட்டைவிரல் பின்னாடிதான் போவும் தம்பி" என்பார். அவ்வளவுதான், அடுத்த நிமிடம் குமிழ் நடுவில் வந்து நிற்கும். இதையே நான் போர்டில் படம் போட்டு ஒரு பீரியட் நடத்தியிருக்கிறேன், ஒருவனுக்கும் ஏறியதில்லை. சைட்டுக்குப் போன பையன்கள் ஏதாவது சிக்கல் என்றால் அவருக்குத்தான் போன் போடுவார்கள். கல்யாணப் பத்திரிகையும் அவருக்குத்தான் முதலில் வரும். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

அவர் பெயரைக் கொடுக்கலாம் என்று ஒருமுறை நாலைந்து விருதுகளின் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். எத்தனை கட்டுரை, எத்தனை காப்புரிமை, எத்தனை பிஎச்டி மாணவர்கள், ப்ராஜெக்ட் நிதி எவ்வளவு. அந்த அண்ணனைப் பற்றி எழுத ஒரு கட்டம்கூட இல்லை. ரிட்டயர் ஆன அன்று துறையில் ஒரு சால்வை போட்டோம். டீ, சமோசா. பிரின்சிபால் மீட்டிங்கில் இருந்ததால் வரவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். விருது கேட்கும் இதே நிர்வாகம்தான் ஏப்ரல், மே வந்தால் எங்களை ஊர் ஊராக அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க அனுப்புகிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வீட்டு வாசலில் நோட்டீஸோடு நிற்க வேண்டும். ஆளுக்கு இத்தனை சீட் என்று கணக்கு, முடிக்காவிட்டால் சம்பளம் நிற்கும். போன வருஷம் ஒரு வீட்டில் பையனின் அப்பா எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "நீங்க புரோக்கரா சார், வாத்தியாரா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மெயிலில் 'இன்றே கடைசி நாள்' என்று இருக்கும். ஒன்றும் செய்யாமல் விடுங்கள். அடுத்த வாரம் தேதியை நீட்டித்து இன்னொரு மெயில் வரும், ஆயிரம் ரூபாய் குறைத்து.